தனித்தட்டும் மெட்ராஸ் ஆய்வும்

காசநோய் வந்தவர்கள் இன்றைக்கு உலகம் பூராவும் வீட்டில் இருந்தபடியேதான் மருந்து சாப்பிடுகிறார்கள். பெரும்பாலானவர்கள் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டியதில்லை. இதை நிரூபித்தது எந்த ஊர் என்று கேட்டால், படித்தவர்களுக்கும் லண்டன், ஜெனீவா என்றுதான் வாய் வரும். நிரூபித்தது மெட்ராஸ். அதிலும் ஒண்டுக்குடித்தனத்திலும் குடிசையிலும் கிடந்த ஏழைச் சனங்களின் உடம்பு. அந்த வரலாற்றை நம் பக்கத்திலிருந்து ஒருமுறை எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

1950களின் தொடக்கம் வரை காசநோய்க்கு வைத்தியம் என்றால் சானடோரியம்தான். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, அசையாத ஓய்வு. இந்த மூன்றும் யாருக்குக் கிடைக்கும்? நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்த நாட்டில் படுக்கைகள் சில ஆயிரம்தான். மூட்டை தூக்குகிறவன் ஒரு வருசம் படுத்துவிட்டால் அவன் பிள்ளைகளுக்குக் கஞ்சி யார் ஊற்றுவது? 1952இல் ஐசோநையசிட் என்ற மலிவான மாத்திரை வந்தது. அதோடு ஒரு கேள்வியும் வந்தது. மருந்தை மட்டும் கொடுத்து வீட்டிலேயே வைத்தால் ஆள் பிழைப்பானா? கூட இருக்கிறவர்களுக்குத் தொற்றாதா?

இதற்குப் பதில் தேட நான்கு தரப்புகள் கைகோத்தன: உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு. 1956இல் சேத்துப்பட்டில் ஆய்வு மையம் எழும்பியது. பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமை ஏற்றார். நகரத்தின் நெருக்கடியான ஏழைப் பகுதிகளிலிருந்து 193 நோயாளிகளைச் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட பகுதிகளில் யார் குடியிருப்பார்கள் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சீட்டுக் குலுக்குகிற மாதிரி அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, ஒரு பாதி அவரவர் வீட்டுக்கு. இரண்டு பாதிக்கும் ஒரே மருந்து, ஒரு வருசத்துக்கு. அங்கே கட்டிலும் நல்ல சாப்பாடும். இங்கே பழைய குடிசை, பழைய கூழ், முடிந்தபோது வேலை.

1959இல் முடிவு வெளிவந்தது. ஒரு வருசம் முடிந்தபோது நோய் அடங்கியிருந்தவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. ஐந்து வருசம் தொடர்ந்து பார்த்தபோது அந்தச் சின்ன வித்தியாசமும் காணாமல் போனது. இரண்டு பக்கமும் நூற்றுக்கு ஏறத்தாழ 90. குடும்பத்தாரையும் ஐந்து வருசம் சோதித்தார்கள். நோயாளியோடு ஒரே கூரைக்கடியில் இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாக வந்துவிடவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே தொற்றிவிடுகிறது. மருந்து உள்ளே போனதும் நோயைப் பரப்புகிற சக்தி சீக்கிரமே குறைந்துவிடுகிறது. பிரித்து வைப்பதால் லாபமில்லை.

இந்த வாக்கியத்தை நான் பலமுறை படித்தேன். காரணம் உண்டு. 1970களில் என் பெரியப்பாவுக்கு இந்த நோய் வந்தது. டாக்டர் ஒருத்தர், "தட்டு, லோட்டா எல்லாம் தனியா வச்சிடுங்க" என்று சொல்லி அனுப்பினார். ஆத்தா அப்படியே செய்தது. பெரியப்பாவின் அலுமினியத் தட்டு தாழ்வாரத்தில் தனியாகக் கவிழ்ந்து கிடக்கும். ஒருநாள் அவர் கேட்டாராம்: "டீக்கடையிலயும் தனிக் கிளாசு, வூட்லயும் தனித்தட்டா?" அவர் பிழைத்தார். பிழைக்க வைத்தது மாத்திரை, தட்டு இல்லை. மெட்ராசில் கண்டுபிடித்த உண்மை கடல் தாண்டிப் போய் வெள்ளைக்காரன் நாட்டுச் சானடோரியங்களை மூடவைத்தது. பக்கத்துச் சேரிக்கு வந்துசேரவில்லை.

இன்னொன்றும் இங்கேதான் பிறந்தது. கொஞ்சம் தேறியதும் மருந்தை விட்டுவிடுவது மனுச சுபாவம். அதனால் மையத்து ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடு தேடிப் போனார்கள், மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். கண்ணெதிரே மருந்து விழுங்கவைக்கும் முறை இந்த அனுபவத்திலிருந்துதான் வளர்ந்தது. 1990களில் உலக சுகாதார நிறுவனம் அதை டாட்ஸ் என்ற பெயரில் உலகத்துக்கெல்லாம் சொன்னது. அதை அக்கறை என்றும் சொல்லலாம், கண்காணிப்பு என்றும் சொல்லலாம். இரண்டும்தான்.

அறிக்கைகளில் டாக்டர்கள் பெயர் இருக்கிறது. நோயாளிகள் பெயர் இல்லை. அது மருத்துவ நெறி, குறை சொல்லவில்லை. ஆனால் நான்கு தரப்புக் கூட்டுறவு என்று எழுதும்போது ஐந்தாவது தரப்பு விட்டுப்போகிறது. வருசம் முழுக்கச் சளியும் சிறுநீரும் கொடுத்து, வயிற்றைக் குமட்டும் பிஏஎஸ் மருந்தை விழுங்கி, குடும்பத்தையே சோதனைக்கு அனுப்பிய அந்தச் சனங்கள்தான் ஐந்தாவது தரப்பு. வந்தவர்களிடம் பணமும் படிப்பும் இருந்தது. இவர்களிடம் உடம்பு இருந்தது. ஒன்றில்லாமல் மற்றது இல்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. அரைவயிற்றுக் கூழிலும் மருந்து வேலை செய்தது என்பதால், சோறு முக்கியமில்லை என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. நோய் வந்தவன் மருந்தால் தேறுவானா என்பதுதான் அன்றைய கேள்வி. நோய் யாருக்கு வருகிறது என்பது வேறு கேள்வி. அதற்கும் பதில் வந்துவிட்டது. ஜார்க்கண்டில் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. சேத்துப்பட்டு நிறுவனத்துக்கும் அதில் பங்குண்டு. நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்தபோது, அவர்களுக்குக் காசநோய் வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது.

மருந்து இருந்தால் குடிசையிலும் பிழைக்கலாம் என்று காட்டியது மெட்ராஸ். வயிறு நிறைந்தால் நோயே குறையும் என்று காட்டியது ஜார்க்கண்ட். உலகத்தின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்த நாட்டில்தான் இருக்கிறார். நோயாளியைத் தள்ளிவைக்கிறவன் விஞ்ஞானத்தின் பெயரால் அதைச் செய்ய முடியாது. 1959லேயே அந்த வாசலை அடைத்தாகிவிட்டது. அடைத்தவர்கள் நம்ம சனங்க.