வீட்டுத் துவக்கின் கதை: மாத்தளையில் இருந்து மொன்றியல் வரை



இம்மாதப் பேச்சுக்கு எடுத்துக்கொண்ட விடயம் சற்றுச் சங்கடமானது. ரொக்ஸ்பரோ, பியர்போன், டொலார் பக்கம் எங்கே ஒரு வீடு உடைத்துக் களவு போனாலும், அடுத்த கல்யாண வீட்டிலோ கோயில் அன்னதானத்திலோ ஒருவர் இந்தக் கதையைத் தொடங்கிவிடுவார்: "சட்டப்படி ஒரு சொட்கன் வாங்கி வைச்சால் என்ன அண்ணை?" எங்கள் வீடுகளில் தங்கம் இருக்கும் என்பது கள்வருக்கும் தெரிந்த சங்கதி. ஆகவே கேள்வியைச் சிரித்துத் தட்டிவிடக் கூடாது. ஆனால் இது புதுக் கேள்வியும் அல்ல. எங்கள் பாட்டன்மாரும் கேட்ட கேள்வி. அவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு இந்த நாட்டுக்கு வருவோம்.

முதலில் சொல்லைப் பாருங்கள். தமிழ்நாட்டவர் துப்பாக்கி என்பார்கள், நாங்கள் துவக்கு என்கிறோம். இரண்டும் துருக்கிச் சொல் ஒன்றிலிருந்து வந்தவை என்று அகராதிக்காரர் சொல்வார்கள். பொருளும் பேரும் சேர்ந்தே கப்பலில் வந்திருக்கின்றன. வன்னியிலும் மட்டக்களப்பிலும் குழல்வாயால் மருந்து இடித்து இறுக்குகிற பழைய துவக்குக்கு "இடியன்" என்று பேர். காட்டுப் பாதையில் பன்றிக்குக் கட்டி வைப்பது கட்டுத்துவக்கு. அது பன்றியை மட்டும் பார்த்து வெடிப்பதில்லை. காலை இழந்த மனிதரும் யானைகளும் இன்றைக்கும் இலங்கையில் உண்டு.

வீட்டுத் துவக்கு அரசாங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் பெரிதாக ஏறியது 1848இல். அப்போது தேசாதிபதியாக இருந்த டொறிங்ரன் பிரபு, கோப்பி விலை விழுந்து திறைசேரி வற்றியபோது புதிய வரிகளைப் போட்டார். துவக்கு வைத்திருப்பவர் ஆண்டுக்கு இரண்டரைச் சிலிங் கட்டி லைசன்ஸ் எடுக்க வேண்டும். நாய்க்கும் வரி. ஏழைக் குடியானவன் வளவைக் காத்த இரண்டு காவலுக்கும் ஒரே ஆண்டில் வரி விழுந்தது! கடை வரியும் றோட்டு வேலை வரியும் சேர, அந்த ஜூலை மாதமே மாத்தளையிலும் குருநாகலிலும் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சி சில நாட்களிலேயே அடக்கப்பட்டது. புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். இராணுவச் சட்டத்தின்கீழ் நடந்த கொடுமைகள் லண்டன் பாராளுமன்றம் வரை போய், 1850இல் டொறிங்ரன் திருப்பி அழைக்கப்பட்டார். வரி இரண்டரைச் சிலிங்தான், ஆனால் வீட்டுக்குள் இருப்பதை அரசு எண்ணத் தொடங்கியது என்பதுதான் சனத்துக்குப் பட்டது என்பது என் எண்ணம்.

பிறகு வந்தது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். திருத்தங்களோடு அதுதான் இன்றைக்கும் இலங்கையில் அடிப்படைச் சட்டம். எங்கள் முதியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும்: கமக்காரர் பயிர்க்காவலுக்கு என்று விண்ணப்பிக்க வேண்டும், கச்சேரிக்குப் போக வேண்டும், ஆண்டுதோறும் லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டும். ஊருக்கு இரண்டு மூன்று வீடுகளில்தான் துவக்கு இருக்கும். அது இருந்த வீட்டுக்கு ஒரு மதிப்பும் இருந்தது. கள்வனைச் சுட்டதைவிட, பன்றிக்கும் குரங்குக்கும் வெடி வைத்ததும், கள்வனுக்குக் கேட்கட்டும் என்று ஆகாயத்தில் ஒரு வெடி போட்டதும்தான் அந்தத் துவக்குகளின் பெரும்பாலான சரித்திரம்.

அந்த வேட்டைத் துவக்கு பெரும்பாலும் 12 போர். இந்த 12 என்ன என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ஒரு றாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக வார்த்தால், ஒரு உருண்டை சரியாகப் போகக்கூடிய குழல் அது. ஆகவே இலக்கம் கூடக் குழல் சிறுக்கும். 20 போர் 12ஐ விட ஒடுக்கமானது. 12 போரின் குழல் விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். 2020 மே மாதம் கனடா அரசு 20 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் குழல் விட்டமுள்ளவற்றைத் தடைசெய்தபோது, "எங்கட 12 போரும் போச்சுதா?" என்று இங்குள்ள வேட்டைக்காரர் பதறியதும், இல்லை என்று அரசு விளக்கம் சொல்ல வேண்டி வந்ததும் இந்தக் கணக்கினால்தான்.

இனி மனத்துக்குப் பாரமான பகுதி. 1971 ஏப்ரலில் தெற்கில் ஜே.வி.பி. இளைஞர் எழுந்தபோது அவர்களின் கையில் இருந்தவை பெரும்பாலும் சொட்கன்களும் கைக்குண்டுகளும். 1987 முதல் 1989 வரையான இரண்டாம் கிளர்ச்சியில் கிராமங்களில் லைசன்ஸ் துவக்கு இருந்த வீடுகளை இரவில் தட்டி அவற்றை எடுத்துப் போனார்கள். வடக்குக் கிழக்கிலும் எண்பதுகளின் தொடக்கத்தில் இதே கதைதான். இயக்கங்கள் வளர்ந்தபோது முதலில் தேடியது வீட்டு வேட்டைத் துவக்குகளை. கொடுத்தவர்கள் உண்டு, கொடுக்க வேண்டி வந்தவர்கள் உண்டு, எதற்குத் தொல்லை என்று பொலிசில் கொண்டுபோய் ஒப்படைத்தவர்களும் உண்டு. கொடுத்தால் ஒரு பக்கம் விசாரணை, கொடாவிட்டால் மறுபக்கம் விசாரணை. வீட்டைக் காக்க வாங்கிய துவக்கே வீட்டுக்கு ஆட்களைக் கூட்டிவந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. 1985ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தோடு ஊர்காவல் படை முறைப்படி அமைந்தது. எல்லைக் கிராமங்களில் ஆட்களுக்கு அரசே சொட்கன் கொடுத்தது. ஊரைக் காக்க என்றுதான் கொடுத்தார்கள். தாக்குதலுக்குள்ளான சிங்கள, முஸ்லிம் கிராமங்களின் பயம் பொய்யல்ல. ஆனால் அதே துவக்குகள் அயற்கிராமத் தமிழர் மீது திரும்பியதைத் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் இருந்து வந்த நேயர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2006இல் அந்தப் படை சிவில் பாதுகாப்புத் திணைக்களம் என்று பேர் மாறியது.

சரி, இங்கே வருவோம். நாங்கள் இருக்கும் இந்தத் தீவிலும் வீட்டுத் துவக்கு மிகப் பழையது. 1669இல் பிரெஞ்சு அரசன் பதினான்காம் லூயி குடியேறிகளைப் படைப்பிரிவுகளாக அமைத்து ஆயுதப் பயிற்சி கொடுக்கச் சொன்னான். 1687இல் தேசாதிபதி டெனொன்வில் இறொக்குவா மக்களின் செனெக்கா ஊர்களை எரித்தார். 1689 ஓகஸ்ட் 5ஆம் திகதி விடியற்காலை சுமார் 1,500 இறொக்குவா வீரர் லஷீன் குடியிருப்பை எரித்தார்கள். ஆயுதம் பழகிய குடியேறிகள்தான், ஆனால் எல்லோரும் நித்திரையில். லஷீனால் போகும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம், இரண்டு பக்கக் கதையையும் சேர்த்து.

கனடாவின் சட்ட வரலாற்றில் எங்களைப் போன்ற வந்தேறு குடிகள் கவனிக்க வேண்டிய ஒரு துண்டு உண்டு. முதலாம் உலகப் போருக்குப் பின் துவக்கு வைத்திருக்க எல்லோருக்கும் அனுமதி வேண்டும் என்று சட்டம் வந்தது. 1921இல் அதை நீக்கிவிட்டார்கள், "அந்நியர்" தவிர்ந்த எல்லோருக்கும்! பயம் யாரைப் பற்றியது என்பது தெளிவு. இரண்டாம் உலகப் போரில் 1940 தொடங்கி வேட்டைத் துவக்குகளையும் பதியச் சொன்னார்கள், போர் முடிய அதைக் கைவிட்டார்கள். 1979இல் வாங்குபவருக்கு அத்தாட்சிப் பத்திரம் கட்டாயமானது.

எங்களில் பலர் வந்து இறங்கிய காலம் அதற்குப் பிந்தியது. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை நினைவிருக்கிறதல்லவா? மூன்று ஆண்டு கழித்து, 1989 டிசம்பர் 6ஆம் திகதி, மொன்றியல் பொலிதெக்னிக்கில் 14 பெண்கள் கொல்லப்பட்டார்கள். பெண்கள் என்பதற்காகவே கொல்லப்பட்டார்கள். துவக்கு சட்டப்படி வாங்கப்பட்டது, பத்திரமும் இருந்தது. அந்தக் குடும்பங்களும் மாணவிகளும் விடாமல் நின்றதன் பலன்தான் 1995ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டம். 2001இலிருந்து எல்லோருக்கும் லைசன்ஸ், 2003இலிருந்து நீளத் துவக்குகளுக்கும் பதிவு. இரண்டு மில்லியன் டொலர்தான் நிகரச் செலவு என்று தொடங்கிய பதிவேடு ஒரு பில்லியனைத் தொடப்போகிறது என்று 2002 டிசம்பரில் கணக்காய்வாளர் நாயகம் ஷீலா பிரேசர் சொன்னபோது நாடே சிரித்தது.

2006 செப்டெம்பர் 13ஆம் திகதி டோசன் கல்லூரி. எங்கள் பிள்ளைகள் பலர் படித்த இடம். அனஸ்தாசியா டி சூசா என்ற 18 வயது மாணவி இறந்தார். அங்கும் சட்டப்படி வாங்கிய துவக்கு. 2012இல் ஹாப்பர் அரசு நீளத் துவக்குப் பதிவேட்டை ஒழித்தபோது, கியூபெக் தன் தரவுகளைத் தா என்று உச்ச நீதிமன்றம் போய் 2015இல் ஐந்துக்கு நான்கு என்று தோற்றது. தோற்றுவிட்டுச் சும்மா இருக்கவில்லை, தானே ஒரு பதிவேட்டைச் சட்டமாக்கியது. அது 2018 ஜனவரி 29ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. கியூபெக் நகரப் பள்ளிவாசலில் ஆறு பேர் கொல்லப்பட்டு அன்றோடு சரியாக ஓராண்டு. ஆகவே ரொறன்ரோவில் உள்ள மச்சான் "பதியத் தேவையில்லை" என்று சொன்னால், அது அவருடைய மாகாணத்துக் கதை. இங்கே பதிய வேண்டும்.

இனி வாங்குவதைப் பற்றி. முறை ஒன்றும் இரகசியமல்ல. 18 வயது ஆகியிருக்க வேண்டும். பாதுகாப்புப் பாடநெறி எடுத்துச் சோதனை சித்தியடைய வேண்டும். விண்ணப்பத்தில் மனைவி அல்லது கணவன், கடந்த இரண்டு ஆண்டுக்குள் பிரிந்த துணை ஆகியோரின் விபரம் கேட்பார்கள், அவர்களுக்கு அறிவிப்பார்கள். இது பொலிதெக்னிக்குக்குப் பின் வந்த விதிகளில் மிக நல்லது என்பேன். முதல் முறை விண்ணப்பிப்பவர் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். 2022 மே மாதத்திலிருந்து விற்பவர் ஒவ்வொரு விற்பனைக்கும் வாங்குபவரின் லைசன்சைச் சரிபார்த்து இலக்கம் எடுக்க வேண்டும். கைத்துப்பாக்கி வாங்கலாம் என்று எண்ணுபவருக்கு அந்தக் கதவு 2022 ஒக்ரோபரில் மூடிவிட்டது.

எந்த வகை? இந்த நாட்டுக் கமங்களில் பழைய காலத்தில் நின்றது ஒன்ராறியோ கோபேர்க் ஊரில் செய்த கூயி ஒற்றைக்குழல். எங்கள் ஊர்த் துவக்குக்குச் சகோதரம் மாதிரி, ஒரு தோட்டா, மடித்துத் திறக்க வேண்டும். பிறகு குழலுக்குக் கீழே பிடியை இழுத்துத் தள்ளுகிற பம்ப் வகை பெருகியது. 1950இல் வந்த ரெமிங்ரன் 870 அதில் பேர்போனது. குழலை 457 மில்லிமீற்றருக்குக் கீழே வெட்டினால் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம், சிறைக்கு வழி.

"சொட்கனுக்குக் குறி பார்க்கத் தேவையில்லை, சன்னம் பரவும்" என்ற கதையையும் விட்டுவிடுங்கள். ஒரு அறைத் தூரத்தில் சன்னங்கள் உள்ளங்கை அளவுக்குக்கூடப் பரவாது. ஆனால் எங்கள் ஊர்க் கல்வீட்டுச் சுவர் போன்றதல்ல இங்குள்ள சுவர். இது ஜிப்சம் பலகை. பெரிய சன்னம் ஒரு சுவரைத் துளைத்து அடுத்த சுவரையும் துளைக்கும். அடுத்த சுவருக்குப் பின்னால்தானே பிள்ளைகளின் கட்டில்?

அதைவிட முக்கியம், சட்டம் அதை எப்படி வைக்கச் சொல்கிறது என்பது. தோட்டா இல்லாமல், பூட்டுப் போட்டு அல்லது பூட்டிய அலுமாரியில் வைக்க வேண்டும். தோட்டா கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது, அல்லது அதுவும் பூட்டுக்குள் இருக்க வேண்டும். தலையணைக்குக் கீழே தோட்டா போட்ட துவக்கு என்பது இங்கே குற்றம். ஆகவே இரவு இரண்டு மணிக்குக் கள்வன் வந்தால் திறப்பைத் தேடி, இரண்டு பூட்டைத் திறந்து, இருட்டில் தோட்டா போட வேண்டும். அந்த நேரத்தில் 9-1-1க்கு அடித்துப் பிள்ளைகளை ஒரு அறைக்குள் சேர்த்துவிடலாம்.

சுட்டால் என்ன நடக்கும்? குற்றவியற் சட்டத்தின் 34ஆம் பிரிவு தற்காப்பை ஏற்கிறது. ஆனால் பயம் நியாயமானதாக, செய்த செயலும் நியாயமானதாக இருக்க வேண்டும். 2016 பெப்ரவரியில் ஹமில்ரனுக்கு அருகில் பின்புறூக்கில் ஒருவர் இரவில் தன் வாகனத்தை யாரோ உடைக்கும் சத்தம் கேட்டுச் சொட்கனோடு வெளியே போய்ச் சுட்டார். இறந்தவர் சிக்ஸ் நேஷன்சைச் சேர்ந்த பூர்வகுடி மனிதர், கையில் துவக்கு இல்லை. முதல் வழக்கில் விடுதலை. 2021 ஒக்ரோபரில் உச்ச நீதிமன்றம், சம்பவம் அந்த நிலைக்கு வர அவர் தாமே என்ன செய்தார் என்பதையும் யூரிகள் பார்க்க வேண்டும் என்று மீள்விசாரணைக்கு விட்டது. 2022 டிசம்பரில் மனிதக்கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பு. வீட்டுக்குள் நிற்பதும் வெளியே போவதும் ஒன்றல்ல.

மொன்றியலுக்கு அருகில் புறொசாரில் 2007 மார்ச்சில் நடந்தது மறுபுறமானது. விடியுமுன் கதவை உடைத்து வந்தவர்களைக் கொள்ளையர் என்று நினைத்து வீட்டுக்காரர் கைத்துப்பாக்கியால் சுட்டார். வந்தவர்கள் லாவால் பொலிஸ். ஒரு அதிகாரி இறந்தார், இன்னொரு அதிகாரியும் வீட்டுக்காரரின் மனைவியும் காயப்பட்டார்கள். 2008 ஜூனில் யூரிகள் அவரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தார்கள். இரவில் கதவு உடைபடும் சத்தம் எங்களில் பலருக்கு என்ன நினைவைக் கொண்டுவரும் என்று எண்ணிப் பாருங்கள். அப்படி விழித்தெழும் கைக்கு அருகில் துவக்கு இருப்பதை நான் விரும்பமாட்டேன். கனடாவில் துவக்கால் இறப்பவர்களில் பெரும்பான்மையோர் பிறர் சுட்டு இறந்தவர்கள் அல்லர், தம்மையே சுட்டுக்கொண்டவர்கள். இரவில் நித்திரை வராத மனிதர்கள் உள்ள சமூகம் எங்களது.

வேட்டைக்கும் குறிபார்ப்பு விளையாட்டுக்கும் போகும் எங்கள் இளையவர்கள் சட்டப்படி வைத்திருப்பதை நான் குறை சொல்லவில்லை. கேட்டது வீட்டுக்காவலுக்கு. கதவுச் சட்டத்துக்கு நீள ஆணி, பின்பக்க விளக்கு, நகைக்கு வங்கி லொக்கர், பக்கத்து வீட்டுக்காரரோடு நல்ல பழக்கம்: இவை எல்லாம் சேர்ந்தாலும் ஒரு நல்ல சொட்கனின் விலை வராது.

கடைசியாக ஒரு விடயம், இது இப்பகுதியில் பழைய வீடு வாங்குபவர்களுக்கு. பேஸ்மென்ற் மூலையிலோ கராஜ் கூரையிலோ முந்திய சொந்தக்காரர் விட்டுப்போன துவக்கு அகப்பட்டால் அதைத் தொட்டுப் பார்க்காதீர்கள், காரில் ஏற்றவும் வேண்டாம். பிள்ளைகளை மேலே அனுப்பிவிட்டு, பொலிஸ் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், அவர்களே வந்து எடுத்துப் போவார்கள்.