கழுகுமலையும் ஒரு களிமண் யானையும்

போன மாசம் சிவகாசியிலிருந்து அக்கா போன். "டேய், புள்ளைக்கு ஸ்கூல்ல களிமண்ணுல யானை செய்யச் சொல்லிருக்காங்க. ஊருக்கு வர்றப்ப மாதிரிக்கு ஒண்ணு செஞ்சு குடுத்துட்டுப் போடா. இன்ஜினியர்தான நீ?" கோடு எழுதுற இன்ஜினியருக்கும் யானைக்கும் என்ன சம்பந்தம்னு அவகிட்ட கேக்க முடியுமா? செஞ்சேன். தும்பிக்கை வச்ச எருமை வந்துச்சு. மருமகன் பெருந்தன்மையா "நல்லாருக்கு மாமா"ன்னான்.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். ஏழாம் வகுப்புல டிராயிங் சார் சோப்புல ஒரு யானை செதுக்கி மேஜை மேல வச்சார். வழவழன்னு, தந்தம் வரைக்கும் கச்சிதம். "இதப் பாத்து செய்ங்கடா." என் பக்கத்துல இருந்தவன் வீட்ல பட்டாசுக்குக் குழாய் சுத்துற வேலை. அவன் விரல் வேகமே தனி. அவன் யானை உக்காந்துகிட்டு தும்பிக்கையால முதுகைச் சொறிஞ்சது. "நான் வச்ச மாதிரியாடா இருக்கு?" பத்துக்கு மூணு. அப்படியே காப்பியடிச்ச எனக்கு எட்டு. அதுக்கப்புறம் அவன் அந்தப் பீரியட்ல கையைக் கட்டிட்டு உக்காந்துருவான்.

சாரை மட்டும் திட்டிப் புண்ணியமில்லை. இந்த "பாத்து செய்" ரொம்பப் பழைய சரக்கு. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. அந்தக் காலத்து பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் முதலில் தட்டைப் படத்தைப் பார்த்து வரையணும். பிறகு பிளாஸ்டர் வார்ப்புச் சிலைகள். உயிருள்ள மனுசன் கடைசியில்தான். அந்தச் சிலைகள் பெரும்பாலும் கிரேக்க, ரோமானிய நகல்கள். 1884 முதல் சென்னைப் பள்ளியை நடத்திய ஹாவெல், 1896-ல் கல்கத்தா கலைப்பள்ளிக்குப் போய் ஐரோப்பிய மாதிரிகளை ஓரங்கட்டி இந்தியக் கலையை முன்னால் கொண்டுவந்தார். எதிர்த்தது யார் தெரியுமா? மாணவர்களே! பழகின மாதிரியை விடுறது அவ்வளவு கஷ்டம்.

1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி சென்னைப் பள்ளியின் முதல் இந்தியத் தலைவரானார். மெரினாவில் 1959-ல் வைத்த உழைப்பாளர் சிலை அவருடையதுதான். தலைவரே சிற்பி. மண்ணோடு மல்லுக்கட்டுறதை மாணவர்கள் கிட்டயிருந்து பார்க்க முடிஞ்சது. அவர்களில் ஒருவரான தனபால் பிறகு அங்கேயே சிற்ப ஆசிரியராகி, 1970-களில் முதல்வரும் ஆனார். முடிஞ்ச பொம்மையை வைக்கிறதுக்கும் செய்யுற கையைக் காட்டுறதுக்கும் எவ்ளோ வித்தியாசம்!

என்னைக் கேட்டால், எங்க பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சரியான மாதிரி கழுகுமலையில் இருக்கு. கோவில்பட்டி தாண்டி, தூத்துக்குடி மாவட்டம். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில். மலையைச் சுத்தி வெட்டிப் பிரிச்சு, உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கிட்டே வந்திருக்காங்க. மேலே தட்சிணாமூர்த்தி மத்தளம் வாசிக்கிறார்; கீழே அடிப்பகுதி இன்னும் பாறை. அப்பன் மகன் ரெண்டு சிற்பிகளுக்குள்ள போட்டி வந்து மகன் செத்துட்டான், அதான் நின்னு போச்சுன்னு ஊர்ல ஒரு கதை. கதை கிடக்கட்டும். எதுல ஆரம்பிச்சாங்க, எங்க விட்டாங்கன்னு ஒரு சின்னப் பையனுக்கும் புரியுதே, அதுதான் எனக்கு முக்கியம்.

அந்த ஞாயித்துக்கிழமை மருமகனையும், இப்போ அச்சகத்துல வேலை பாக்குற அந்தப் பழைய பக்கத்து பெஞ்சுக்காரனையும் அங்க கூட்டிட்டுப் போனேன். மருமகன் பாறையையும் கோயிலையும் மாத்தி மாத்திப் பார்த்தான். திரும்பி வந்ததும் நண்பன் என் எருமையை ஒரே அமுக்கா அமுக்கிப் பிசைஞ்சான் (வலிச்சது!). தலையும் முதுகும் மட்டும் எடுத்துட்டு, மிச்சத்தைக் கட்டியாவே விட்டுப் பையன்கிட்ட நீட்டினான். "இனிமே நீ செய்யி மருமகனே."

பையன் ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் எழுந்திருக்கல. வால் ரொம்பப் பெருசாப் போச்சு. என்ன மார்க்குன்னு அக்கா இன்னும் சொல்லல.