பொன்முடி ஏறிய அக்காவும், வயிற்றை வெட்டிய சில டாக்டர்களும்

போன கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அக்கா குடும்பத்தோடு பொன்முடி போனோம். திருவனந்தபுரத்தில் இருந்து ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். விதுரை தாண்டி, கல்லாறு தாண்டி, 22 கொண்டை ஊசி வளைவு. நாகர்கோவில்காரனுக்கு இந்த மலை ஒன்றும் புதுசு இல்லை. சின்ன வயதில் டூரிஸ்ட் பஸ்சில் பாதி வளைவு எண்ணுவதற்குள் வாந்தி எடுத்த அனுபவம் எனக்கு உண்டு.

உச்சிக்கு 'அப்பர் சானட்டோரியம்' என்று பெயர். அந்தக் காலத்தில் நோயாளிகள் மலைக்காற்றில் தேறும் இடத்தைத்தான் சானட்டோரியம் என்பார்கள். பெயர் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது அங்கே போகிறவர்கள் மூடுபனியில் செல்ஃபி எடுத்துவிட்டு பஜ்ஜி தின்று திரும்புகிறவர்கள்தான். ஆனால் அன்றைக்கு எங்கள் கூட்டத்தில் உண்மையிலேயே தேறி வருகிற ஒரு ஆள் இருந்தார். அக்கா.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் இதே இடத்துக்கு வந்தபோது அக்கா காரை விட்டு இறங்கவே இல்லை. முழங்கால் வலி, மூச்சிரைப்பு. எடை 96 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர், பதினோரு வருஷமாகச் சுகர். இந்த முறை கார் நிறுத்திய இடத்தில் இருந்து மேலே வரை நடந்தார், ஒரே ஒரு இடத்தில் நின்று. நடுவில் எட்டு மாதத்துக்கு முன் நடந்தது ஸ்லீவ் ஆபரேஷன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் மாதிரி விட்டுவிடுவார்கள்.

மேலே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார். "லேய், வயித்த வெட்டுனா எட கொறயும்னு மொதல்ல எவனுக்குலே தோணிச்சு? கம்ப்யூட்டர தட்டிட்டே இருக்கியே, பாத்துச் சொல்லு."

பார்த்தேன். நியூஜெர்சி திரும்பியும் இரண்டு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தேன். (காரணம் கடைசியில்.)

யாருக்கும் தனியாகத் தோன்றவில்லை. அல்சருக்கும் புற்றுநோய்க்கும் இரைப்பையை வெட்டுவது 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. வியன்னாவில் பில்ரோத் என்ற சர்ஜன் 1881ல் முதலில் வெற்றிகரமாகச் செய்தார். அப்படி ஆபரேஷன் ஆனவர்கள் இளைத்தே இருந்தார்கள், எடை திரும்ப ஏறவில்லை. அது ஒரு தொந்தரவாகத்தான் பல வருஷம் எழுதப்பட்டது.

அதையே வேண்டுமென்று செய்யும் யோசனை 1950களில் வந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரெமன், லின்னர் முதலிய சர்ஜன்கள் 1954ல் ஒரு கட்டுரை போட்டார்கள். வயிற்றைத் தொடாமல், சிறுகுடலின் பெரும்பகுதியைச் சுற்றுவழி போட்டுத் தாண்டிவிடுவது. நம் சிறுகுடல் ஏறக்குறைய ஆறு மீட்டர். அடுத்த இருபது வருஷத்தில் இந்த வகை ஆபரேஷனில் பரவலாக விட்டது அதில் அரை மீட்டருக்கும் குறைவு. என்ன தின்றாலும் உடம்பில் ஒட்டாது. பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே இளைக்கலாம்!

இளைத்தார்கள்தான். கூடவே நிற்காத பேதி, சிறுநீரகக் கல், எலும்புத் தேய்வு, மூட்டு வலி, சிலருக்குக் கல்லீரலே செயலிழந்து சாவு. ஆபரேஷன் முடிந்து பல வருஷம் கழித்து வந்த கேடுகள் இவை. பார்க்க வராமல் போன பேஷன்டுகளுக்கு என்ன ஆனது என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை. 1980 வாக்கில் அந்த முறையைக் கைவிட்டார்கள். போட்ட சுற்றுவழியைப் பலருக்குத் திரும்ப ஆபரேஷன் செய்து பிரிக்க வேண்டியதாயிற்று.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த மனிதர் எட்வர்ட் மேசன். அயோவா பல்கலைக்கழக சர்ஜன். இட்டோ என்பவரோடு சேர்ந்து 1966ல் கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்தார். குடலில் கை வைப்பதைக் குறைத்து, இரைப்பையைச் சின்னப் பையாக்கி நேரே குடலோடு இணைப்பது. இன்றைய பைபாஸ் அதன் பேரப்பிள்ளை. ஆனால் அவர் செய்ததிலேயே பெரிய வேலை என்று நான் நினைப்பது வேறொன்று. 1980களில் ஆபரேஷன் ஆனவர்களின் விவரங்களை வருஷக்கணக்கில் சேர்த்து வைக்கும் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார். பழைய குடல் ஆபரேஷனில் தவறிப்போனது அதுதானே. நூறு வயது தாண்டி 2020ல் காலமானார்.

மினசோட்டா என்றதும் இன்னொன்று. அதே பல்கலைக்கழகத்தில்தான் 1944-45ல் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். எல்லோரும் தாங்களாக விரும்பி வந்தவர்கள், மன உறுதிக்குப் பஞ்சமில்லாதவர்கள். சில மாதத்தில் எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, சமையல் புத்தகம் படிப்பது, தட்டை நக்குவது என்று ஆகிவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அக்காவிடம் பத்து வருஷமாக போனில் "வாயைக் கட்டுக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

வாய் மட்டும் விஷயம் இல்லை என்று டாக்டர்களுக்கே தாமதமாகத்தான் புரிந்தது. வட கரோலினாவில் போரீஸ் என்ற சர்ஜன் 1995ல் 608 பேருடைய பைபாஸ் கணக்கை வெளியிட்டார். அதில் டைப் 2 சுகர் இருந்த 146 பேரில் 121 பேருக்கு ரத்தச் சர்க்கரை இயல்புக்கு வந்திருந்தது. அதுவும் எடை குறையும் முன்பே, சில நாட்களிலேயே சுகர் இறங்கத் தொடங்கியது. 1999ல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா என்ற விஞ்ஞானிகள் 'கிரெலின்' என்ற பசி ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். அது அதிகம் சுரப்பது இரைப்பையின் மேல் பகுதியில். ஸ்லீவ் ஆபரேஷனில் வெட்டி எறிவது அந்தப் பகுதியைத்தான். பைபாஸ் ஆனவர்களுக்குச் சாப்பிட்டவுடன் ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோன் எகிறுகிறது. இப்போது எல்லோரும் பேசும் செமாகுளூடைட் ஊசி அந்த ஹார்மோனின் நகல்தான். (இந்தியாவுக்கும் இந்த எடைக் குறைப்பு ஊசிகள் 2025ல் வந்துவிட்டன. பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. நிறுத்தினால் குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது.)

ஸ்லீவ் வந்தது ஒரு தற்செயல். மிக அதிக எடை உள்ளவர்களுக்குப் பெரிய ஆபரேஷனை ஒரே மூச்சில் செய்ய பயந்து, 2000 வாக்கில் இரண்டு கட்டமாகப் பிரித்தார்கள். முதல் கட்டம் இரைப்பையைக் குழாயாக்குவது மட்டும். அதிலேயே போதுமான எடை குறைந்துவிட்டதால் சிலருக்கு இரண்டாம் கட்டம் தேவைப்படவே இல்லை. இன்றைக்கு உலகத்தில் அதிகம் நடப்பது இந்த முதல் கட்டம்தான்.

யாருக்குச் செய்யலாம்? அமெரிக்காவில் 1991ல் விதித்த கணக்கு பிஎம்ஐ 40, சுகர் போன்ற வியாதி இருந்தால் 35. வெள்ளைக்காரர்களை வைத்துப் போட்ட கணக்கு அது. புனேயில் யாஜ்னிக் என்ற டாக்டரும் லண்டனில் யுட்கின் என்ற டாக்டரும் 2004ல் சேர்ந்து ஒரு படம் வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21 சதவீதம்! நம்முடையது பார்க்க ஒல்லியாக இருந்துகொண்டே வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்க்கும் உடம்பு. அதனால்தான் 2016ல் சர்வதேச நீரிழிவு அமைப்புகள் சேர்ந்து ஆசியர்களுக்கு 37.5, கட்டுப்படாத சுகர் இருந்தால் 32.5 என்று இறக்கின, 27.5ல் இருந்தே யோசிக்கலாம் என்றும் சொல்லின. 2022ல் எல்லோருக்குமான எல்லையே 35க்கு இறங்கியது.

அக்காவுக்கு 38க்கு மேல். அப்படியும் ஆஸ்பத்திரியில் உடனே மேஜையில் படுக்க வைக்கவில்லை. மூன்று மாதம் அலைந்தார். எண்டோஸ்கோபி, தைராய்டு, பி12, வைட்டமின் டி, ஹார்ட் டெஸ்ட், தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று ஒரு ராத்திரி டெஸ்ட், மனநல ஆலோசகர், டயட்டீஷியன். கடைசி இரண்டு வாரம் மாவுச்சத்தை அடியோடு குறைத்து, புரோட்டீன் பவுடரும் மோரும் சூப்பும்தான். இது எடை குறைக்க அல்ல. கொழுப்பேறி வீங்கிய கல்லீரலின் இடது பாகம் இரைப்பை மேல் கவிந்து கிடக்கும். அது சுருங்கினால்தான் சின்னத் துளை வழியாக லேப்ராஸ்கோபி செய்ய இடம் கிடைக்கும். அந்த இரண்டு வாரமும் அத்தான் வெளியே போய் புரோட்டா தின்றுவிட்டு வந்தார் என்பது துணைக்கதை.

ஆபரேஷன் அன்று சாயங்காலமே எழுப்பி நடக்க வைத்தார்கள், காலில் ரத்தம் கட்டாமல் இருக்க. மூன்று பந்து உள்ள அந்தக் கருவியை மணிக்கொரு தரம் உறிஞ்ச வேண்டும், நுரையீரல் விரிய. முதல் இரண்டு வாரம் வெறும் நீராகாரம். வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மோர், இளநீர், ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் நிமிஷக்கணக்கு. பிறகு இரண்டு வாரம் மசித்தது. பிறகு குழைந்தது. சாதாரண சாப்பாடு வர இரண்டு மாதம்.

மூன்றாம் வாரம் அக்கா போன் பண்ணி அழுதார். வலியால் அல்ல. வீட்டில் மீன் குழம்பு வாசனை. தன்னால் இரண்டு ஸ்பூன் தயிருக்கு மேல் இறங்கவில்லை. "பசி இல்ல மக்கா. ஆனா சாப்பிட முடியலயேன்னு துக்கமா இருக்கு. செத்த வீட்டுத் துக்கம் மாதிரி." இதை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. எங்கள் வீட்டில் சந்தோஷமோ சண்டையோ எல்லாம் சாப்பாட்டு மேஜையில்தான் நடக்கும். அங்கே உட்காரும்போது என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

நாலாம் மாதம் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. திடீரென்று எடை இறங்கினால் அப்படித்தான், திரும்ப வளரும் என்றார்கள். வளர்கிறது. முதலில் முட்டை, மீன், பருப்பு, அப்புறம்தான் சோறு. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரோட்டீன் என்று கணக்கு. அதில் இட்லிக்கு இடமே கிடைப்பதில்லை. பித்தப்பையில் கல் வராமல் இருக்க ஆறு மாதம் மாத்திரை. வைட்டமின், இரும்பு, கால்சியம், பி12 ஆயுசுக்கும். வாந்தி தொடர்ந்தால் காத்திருக்கக் கூடாது. பி1 வைட்டமின் தீர்ந்து மூளையே பாதிக்கப்படலாம்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். எனக்கு பிஎம்ஐ 34, சுகர் ஆறு வருஷமாக. இங்கே இன்ஷூரன்ஸ்காரன் ஆறு மாதம் டயட் கிளினிக் போய்விட்டு வா என்கிறான். ஊரில் செலவு குறைவு. மூன்று வார லீவில் போய் வெட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்பது என் திட்டம். ரகசியமாகத்தான் வைத்திருந்தேன். பொன்முடியில் உளறிவிட்டேன்.

அக்கா சட்டென்று சொன்னார். "மூணு வாரமா? எனக்கு மூணாவது வாரம் எப்படி இருந்துச்சுன்னு ஒனக்குத் தெரியும்லா?"

தையல் போட்ட இடம் கசிவது ஸ்லீவில் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு நடக்கிறது. வீட்டுக்குப் போன பிறகும் வரலாம். நாடித்துடிப்பு ஏறும், காய்ச்சல், இடது தோளில் வலி. அப்போது 16 மணி நேர விமானத்தில் இருந்தால்? 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த ஆபரேஷனின்போது இறந்தார். அரசு விசாரணை வரை போனது. 2025ல் திருவனந்தபுரத்தில், அக்கா வீட்டில் இருந்து அதிக தூரம் இல்லாத கழக்கூட்டத்தில், வயிற்றுக் கொழுப்பு நீக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு தொற்று பரவி ஒரு பெண் கைவிரல்களை இழந்தார். அது பேரியாட்ரிக் அல்ல, தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பை உறிஞ்சும் அழகு சிகிச்சை. நம் ஆட்கள் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். அந்த உறிஞ்சும் சிகிச்சையால் சுகர் குறையாது, பசியும் மாறாது.

ஆபரேஷனே தப்பு என்று சொல்ல வரவில்லை. ஸ்வீடனில் 1987ல் தொடங்கி நாலாயிரம் பேரை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு 2007ல் வெளிவந்தது. ஆபரேஷன் செய்தவர்களிடையே இறப்பு கால்பங்கு குறைவு. ஆனால் அந்த நாலாயிரம் பேரை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள் அல்லவா? 1970களில் குடலை வெட்டி அனுப்பியவர்கள் செய்யாதது அதைத்தானே. லீவு முடிந்து நான் கிளம்பினால் என்னையும் யாரும் பார்க்கப் போவதில்லை. பி12 குறைந்தது என்று இங்கே என் டாக்டருக்குத் தெரிய எத்தனை வருஷம் ஆகுமோ.

டிக்கெட்டை இன்னும் போடவில்லை. டயட் கிளினிக்கில் இரண்டாம் மாதம் ஓடுகிறது. மூன்று கிலோ குறைந்து ஒரு கிலோ ஏறியிருக்கிறது :-)

பொன்முடியில் இறங்கும்முன் டீக்கடையில் நின்றோம். எல்லோருக்கும் டீயும் பழம்பொரியும். அக்கா ஒரே ஒரு துண்டைப் பிய்த்து, ரொம்ப நேரம் மென்றார். டீ கிளாஸைத் தொடவில்லை. சாப்பிட்டதற்கும் குடிப்பதற்கும் நடுவில் அரை மணி நேரம் இருக்க வேண்டும். போனில் டைமர் வைத்தார். கிளாஸைக் கையில் ஏந்திக்கொண்டே காரில் ஏறினார். பன்னிரண்டாவது வளைவிலோ என்னவோ டைமர் அடித்தது. டீ ஆறிப்போயிருந்தது. அதை ஒவ்வொரு மிடறாகக் குடித்துக்கொண்டே கல்லாறு வரை வந்தார்.