உறையாத இனிப்பு

மேப்பிள் சாறு ஏறத்தாழ 40 பங்கு வற்றினால்தான் ஒரு பங்கு பாகு கிடைக்கும். அவ்வளவையும் வற்றக் காய்ச்சுவதே பெரும்பாடு. 1755இல் பென்சில்வேனியாவில் சிறைபிடிக்கப்பட்டுப் பூர்வகுடிகளால் தத்தெடுக்கப்பட்ட ஜேம்ஸ் ஸ்மித், 1799இல் வெளியான தம் நூலில் இதை விவரிக்கிறார். பெண்கள் மரப்பட்டையால் 100 காலன் கொள்ளும் தொட்டிகள் செய்து சாற்றைத் தேக்கினர். பெரிய கொப்பரைகள் இல்லாத ஓராண்டில், தொட்டிகளை அகலமாக, ஆழமின்றி அமைத்து, இரவில் உறைந்த பனிக்கட்டியை உடைத்து எறிந்தனர். சர்க்கரையையல்லவா எறிகிறீர்கள் என்றார் ஸ்மித். எறிவது தண்ணீர்தான், சர்க்கரை உறையாது. ஐயமெனில் அந்தப் பனிக்கட்டியைக் காய்ச்சிப் பார் என்றனர். அவர் பார்க்கவேயில்லை (அதை ஒளிக்காமல் எழுதியது பிடித்திருக்கிறது). ஆனால் பலமுறை உறைந்தபின் தொட்டியில் எஞ்சியது பழுப்பேறி, மிகவும் இனித்ததாம்.