வாவிக்கரையில் ஊன்றிய கல்வி நிதி

நாளிதழ்ப் பணியில் கழித்த ஆண்டுகளில், கல்வி உதவித்தொகை வழங்கும் விழாச் செய்திகளை எத்தனை முறை செப்பனிட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. படத்தின் நடுவில் நன்கொடையாளர் மாலையுடன் நிற்பார். காசோலையைப் பெற்றுக்கொள்ளும் பிள்ளை ஓரத்தில் தலை குனிந்து நிற்கும். மறு ஆண்டும் அப்பிள்ளை படிப்பைத் தொடர்ந்ததா என்று நாங்கள் ஒருபோதும் விசாரித்ததில்லை. அந்தக் குறை மனத்தை உறுத்தும்போதெல்லாம், மட்டக்களப்பு வாவிக்கரையில் முளைவிட்ட ஒரு கல்வி நிதியின் கதை எனக்கு நினைவுக்கு வருகிறது.

வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை வரை, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது இவ்வாவி. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட கிழக்குக்கரை எழுவான்கரை. வயல்கள் விரிந்த மேற்குக்கரை படுவான்கரை. எழுவான்கரையில் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். பேசும் மொழி ஒன்று. உழுத வயலும் வலை வீசிய நீரும் ஒன்று. ஆனால் கல்வி வாய்ப்பு அவ்வாறு சமமாகப் பரவியிருக்கவில்லை. படுவான்கரைப் பிள்ளை உயர்வகுப்புக்குப் போகப் பணம் மட்டும் போதாது. தோணியேறித் தண்ணீரையும் கடக்க வேண்டும்.

இங்கு ஆங்கிலக் கல்விக்கு வித்திட்டவர்கள் கிறிஸ்தவ மிஷனரிமார். வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த போதகர் 1814ஆம் ஆண்டு மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். ஓராண்டு நிறையுமுன், 1815 ஏப்ரலில், அங்கேயே காலமானார். அவருடைய பணியின் வழிவந்ததே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. எனினும், படிக்கப் போகும் பிள்ளை மதம் மாறிவிடுமோ என்ற அச்சத்தால் சைவக் குடும்பங்கள் பலவும், அவற்றினும் கூடுதலாக முஸ்லிம் குடும்பங்களும் தயங்கி நின்றன.

அந்தத் தயக்கத்துக்குச் சைவர் பக்கத்தில் விடை தந்தவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர். இராமகிருஷ்ண மிஷனின் சார்பில் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை அவர் நிறுவினார். பள்ளியோடு நின்றுவிடாமல், ஆதரவற்ற பிள்ளைகள் உண்டு உறங்கிப் படிக்க இல்லமும் நடத்தப்பட்டது. வகுப்பறை கட்டினால் மட்டும் ஏழைப் பிள்ளை வந்துவிடாது, அதற்குச் சோறும் பாயும் வேண்டும் என்பதை அடிகளார் அறிந்திருந்தார்.

முஸ்லிம் பக்கத்தில் அதே உண்மையை உணர்ந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றவர். இலங்கை சிவில் சேவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிம் அவரே. 1942இல் யப்பானியப் படைகள் பர்மாவைப் பிடித்தபோது இலங்கைக்கு அரிசி வரத்து நின்றது. நெல் விளைவைப் பெருக்கும் பொறுப்புடன் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார் அஸீஸ். அங்கே விபுலானந்தரின் நட்பும் காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பையின் நட்பும் அவருக்கு வாய்த்தன.

நெல்லைத் தேடி வந்த அதிகாரி, படிப்பை நிறுத்திய பிள்ளைகளைக் கண்டார். திறமை இருந்தும் வசதியின்மையால் முடங்கிய அம்மாணவர்களுக்காக அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவாயிற்று. அந்தச் சிறு முயற்சியே நாடு முழுவதற்குமாக விரிந்து, 1945 மே மாதம் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக மலர்ந்தது. 1948இல் அஸீஸ் சிவில் சேவையைத் துறந்து கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி அதிபரானார். 1973இல் அவர் மறைந்த பின்னரும் அந்த நிதி நின்று நிலைத்தது.

இங்கே ஒரு பொருத்தத்தைக் கவனிக்க வேண்டும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே 1945ஆம் ஆண்டு, ஒக்டோபரில்தான். கட்டணமே இல்லாதபோது உதவித்தொகை எதற்கு என்று கேட்கலாம். கட்டணம் போயிற்று, பேருந்துக் காசும் விடுதிச் செலவும் புத்தக விலையும் போகவில்லை. கழனியில் கூலிக்குப் போக வேண்டிய மகன் படிக்கப் போனால் வீட்டில் குறையும் வருவாயை எந்தச் சட்டமும் ஈடு செய்யவில்லை. இவ்வுண்மையை அரசே ஏற்றுக்கொண்டதன் அடையாளந்தான், பல்கலைக்கழக மாணவர்க்கென 1981இல் எழுந்த மகாபொல நிதியம்.

அதே 1981இல் வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. ஆனால் 1990 வந்தது. ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். செப்டெம்பரில், வந்தாறுமூலை வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களில் 150க்கும் மேற்பட்டோர் இராணுவத்தால் கொண்டு செல்லப்பட்டுக் காணாமற்போயினர். ஒக்டோபரில், அஸீஸ் பிறந்த யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் அனைவரும் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மிஷன் பள்ளி வளர்த்த முஸ்லிம் பிள்ளை, துறவி ஒருவரின் தோழமையோடு கல்முனையில் கல்விப்பணி தொடங்கிய காலத்துக்கும் அந்த நாட்களுக்கும் இடையே ஐம்பதாண்டுகூட இல்லை.

இன்று இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் சிட்னியிலும் இருந்து இவ்வாவிக்கரைப் பிள்ளைகளுக்கு உதவ விரும்புவோர் பலர். அவர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. ஒரு பிள்ளையைப் பொறுப்பேற்றால் படிப்பு முடியும் வரை பொறுப்பேற்க வேண்டும். இடையில் நிற்கும் உதவி, நட்டாற்றில் தோணியை விடுவதற்கு ஒப்பாகும். அடுத்து, உங்கள் ஊரோடு அந்த உதவியை நிறுத்திவிட வேண்டாம். 2014இல் மண்முனையில் பாலம் திறந்த பிறகு எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் போக்குவரத்து எளிதாகிவிட்டது. அடுத்த ஊரின் பிள்ளைக்கும் ஒரு பங்கு ஒதுக்க அவ்வளவு பெரிய பாலம் ஒன்றும் தேவையில்லை.