கல்லீரல் கொழுப்பு எங்கிருந்து வருகிறது: ஒன்றரை நூற்றாண்டுத் தேடலின் வரலாறு

மது அருந்தாதவர்களின் கல்லீரல் கொழுப்பு நோயின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1980இல் தொடங்குவர். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யூர்கன் லுட்விக்கும் அவருடைய சகாக்களும் 20 நோயாளிகளின் ஈரல் திசுவை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்ட ஆண்டு அது. குடிநோயாளிகளின் ஈரலில் காணப்படும் கொழுப்பும் அழற்சியும் தழும்பும் மதுப்பழக்கம் இல்லாத இவர்களிடமும் இருந்தன. அந்தக் கட்டுரையின் முக்கியத்துவத்தில் ஐயமில்லை. ஆனால் அதையே தொடக்கமாகக் கொண்டால், அதற்கு முந்தைய நூறாண்டு உடலியல் ஆய்வு கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

ஈரலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்ற அளவீடு இந்நோயைக் கண்டறிய உதவியது. அதை விளங்கிக்கொள்ள உதவியதோ வேறொரு கேள்வி: அந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது, ஏன் வெளியேறவில்லை? இந்த இரட்டைக் கேள்வி எப்படி எழுந்தது, எந்தெந்தச் சோதனைகளால் விடை கண்டது, இன்றைய சிகிச்சைக்கு எப்படி வழிவிட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. ஈரலில் உருவானதா, வந்து சேர்ந்ததா?

லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 1836இல் ஈரலின் கொழுப்புச் சிதைவு பற்றி எழுதினார். அக்கால மருத்துவரின் ஆதாரம் பிணப் பரிசோதனை. ஈரல் வீங்கி, வெளிறி, வெட்டும் கத்தியில் பிசுபிசுப்பு ஒட்டும். காண முடிந்தது அவ்வளவே.

கேள்வியைக் கூர்மையாக்கியவர் ஜெர்மானிய நோயியலாளர் ருடால்ஃப் விர்ஹோ. 1858இல் வெளியான உயிரணு நோயியல் நூலில் அவர் இரண்டு நிகழ்வுகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்றில் கொழுப்பு வெளியிலிருந்து உயிரணுவுக்குள் ஊடுருவுகிறது. மற்றொன்றில் உயிரணுவே சிதைந்து கொழுப்பாக மாறுகிறது. நுண்ணோக்கியின் கீழ் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும் என்பதால், பார்வையை மட்டும் நம்பி இந்த வழக்கைத் தீர்க்க இயலவில்லை.

தீர்ப்புக்கு உதவியது விலங்குச் சோதனை. பிரெஸ்லவ் நகரின் கியோர்க் ரோசன்ஃபெல்ட், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், நாய்களைப் பட்டினியிட்டு அவற்றின் சொந்தக் கொழுப்பைக் கரையவைத்தார். பிறகு ஆட்டுக்கொழுப்பை ஊட்டினார். ஆட்டுக்கொழுப்பு நாயின் கொழுப்பைவிட அதிக வெப்பத்தில் உருகுவது. வேதிப் பண்பிலும் வேறானது. ஆகவே அது எங்கே போனாலும் அடையாளம் காணலாம். நாயின் தோலடியில் அது படிந்தபின் ஃப்ளோரிசின் என்ற நச்சுப்பொருளைக் கொடுத்தார். நாயின் ஈரல் கொழுத்தது. அதிலிருந்து பிரித்தெடுத்த கொழுப்பு ஆட்டுக்கொழுப்பின் இயல்பைக் காட்டியது. ஈரல் தன்னைத்தானே கொழுப்பாக்கிக்கொள்ளவில்லை, உடலின் சேமிப்பிலிருந்து கொழுப்பு அங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று. கொழுப்புக்கு அடையாளமிட்டு அதன் வழியைத் தேடும் முறையும் இங்கேதான் வேர்விட்டது.

2. டொராண்டோ நாய்களும் வெளியேறும் வழியும்

வரும் வழி ஓரளவு தெரிந்தது. வெளியேறும் வழி எதிர்பாராத இடத்திலிருந்து தெரியவந்தது. 1921–22இல் டொராண்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டபின், கணையம் நீக்கிய நாய்களை நீண்டநாள் உயிரோடு வைத்திருக்க முடிந்தது. இன்சுலின் ஊசி, கொழுப்பில்லா இறைச்சி, சர்க்கரை ஆகியவை அவற்றுக்குக் கிடைத்தன. ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தும் சில மாதங்களில் அவை நலிந்து இறந்தன. அறுத்துப் பார்த்தபோது ஈரல் முழுக்கக் கொழுப்பு.

1924இல் டொராண்டோவின் ஜே. ஜே. ஆர். மெக்லாய்டின் குழு, பச்சைக் கணையத்தை உணவோடு சேர்த்தால் இந்த நாய்கள் தேறுவதைக் கண்டது. கணையத்தில் இன்சுலின் தவிர வேறு என்ன இருக்கிறது? அங்கே பணியாற்றிய ஹெர்ஷி, முட்டை மஞ்சள்கருவில் மிகுந்துள்ள லெசித்தின் அதே பயனைத் தருவதாகக் காட்டினார். இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்கேற்ற சார்லஸ் பெஸ்ட், ஹெர்ஷி, ஹன்ட்ஸ்மன் ஆகியோர் லெசித்தினைப் பகுதி பகுதியாகப் பிரித்து எலிகளிடம் சோதித்து, 1932இல் விடையைக் கண்டனர். ஈரலைக் காத்த பகுதி கோலின்.

கோலின் ஏன் தேவை என்பது பின்னாளில் தெளிந்தது. ஈரல் தன் கொழுப்பை (டிரைகிளிசரைடை) அப்படியே ரத்தத்தில் விடுவதில்லை. புரதமும் லெசித்தினும் கலந்த உறையில் பொதிந்து, மிகக் குறை அடர்த்திக் கொழுப்புப்புரதத் துகள்களாக அனுப்புகிறது. கோலின் இல்லையேல் உறைக்கு வேண்டிய லெசித்தின் குறைகிறது. சரக்கு கிடங்கிலேயே தேங்குகிறது. மிகுதியாக உண்பதால் மட்டுமே ஈரல் கொழுக்கும் என்ற எண்ணத்தை டொராண்டோவின் நாய்கள் அன்றே உடைத்துவிட்டன. ஆயினும் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் கோலினுக்கு நாளொன்றுக்கு ஆண்களுக்கு 550 மில்லிகிராம், பெண்களுக்கு 425 மில்லிகிராம் எனப் போதுமான அளவை வகுத்தது 1998இல்தான்.

3. ஓயாமல் நகரும் கொழுப்பு

உடல் கொழுப்பு பட்டினிக் காலத்துக்கான அசையாச் சேமிப்பு என்பது 1930கள் வரை நிலவிய கருத்து. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் ஷோன்ஹைமரும் டேவிட் ரிட்டன்பர்க்கும் 1935இல் இதைச் சோதித்தனர். அப்போது புதிதாகக் கிடைத்த ட்யூட்டீரியம் என்னும் கன ஹைட்ரஜனைக் கொண்டு ஆளிவிதை எண்ணெய்க்கு அடையாளமிட்டு எலிகளுக்கு ஊட்டினர். உடனே எரிந்துபோயிருக்க வேண்டிய சிறிய அளவுதான் அது. ஆயினும் அதன் பெரும்பகுதி உடலின் கொழுப்புத் திசுவில் காணப்பட்டது. உண்ட கொழுப்பு முதலில் சேமிப்புக்குச் செல்கிறது, சேமிப்பிலிருந்தது எரிபொருளாக வெளியே வருகிறது, இந்தப் பரிமாற்றம் ஓய்வதில்லை என்பது தெளிவாயிற்று.

1956இல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் வின்சென்ட் டோலும், அமெரிக்கத் தேசிய இதய நிறுவனத்தின் ராபர்ட் கோர்டனும் தனித்தனியே, கொழுப்புத் திசுவிலிருந்து ஈரலுக்கும் தசைக்கும் செல்லும் கொழுப்பு எந்த வடிவில் பயணிக்கிறது என்று காட்டினர். அது ரத்தத்தில் மிகச் சிறு அளவில் மிதக்கும் கட்டுறாக் கொழுப்பு அமிலம். பட்டினியில் இதன் அளவு உயர்கிறது. குளுக்கோஸும் இன்சுலினும் அதைத் தாழ்த்துகின்றன. இன்சுலினின் கட்டளைக்குக் கொழுப்புத் திசு செவிசாய்க்காவிட்டால் கொழுப்பு அமிலம் இரவும் பகலும் ஈரலை நோக்கி வடியும். நீரிழிவும் கொழுத்த ஈரலும் ஏன் சேர்ந்தே வருகின்றன என்பதற்கான விளக்கம் இந்தச் சோதனைகளில் அடங்கியிருந்தது.

4. மதுவின் நிழல்

உடலியல் இவ்வளவு முன்னேறியும் நோயாளியின் படுக்கையருகே நிலைமை வேறாக இருந்தது. சார்லஸ் கானர் 1938இல் நீரிழிவையும் மதுவையும் ஒருசேர வைத்து, கொழுத்த ஈரலிலிருந்து சிரோசிஸ் என்னும் முற்றிய ஈரல் தழும்பு உண்டாவதை எழுதினார். 1952இல் சாமுவேல் செல்மன் உடல் பருத்தவர்களின் ஈரலில் சேதம் இருப்பதைப் பதிவு செய்தார். ஆனாலும் ஈரல் தழும்பு என்றால் மது என்ற முடிவு மருத்துவர் மனத்தில் வேரூன்றியிருந்தது. குடிக்காதவர் குடிக்கவில்லை என்று சொன்னால் நம்பப்படாத நிலை. நோயின் துன்பத்தோடு பொய்யர் என்ற பழியையும் அவர்கள் சுமந்தனர். லுட்விக்கின் 1980ஆம் ஆண்டுக் கட்டுரையின் பெருஞ்சாதனை அந்தப் பழியைத் துடைத்ததே. அவருடைய நோயாளிகளில் பெரும்பாலோர் உடல் பருத்தவர்கள். பலருக்கு நீரிழிவு இருந்தது.

5. வரவுக்குக் கணக்கு

மனித ஈரலுக்குக் கொழுப்பு எந்தெந்த வழியில் எவ்வளவு வருகிறது என்ற கணக்கை நேரடியாகப் போட்டுப் பார்த்தது 2005இல் வெளியான மினசோட்டா ஆய்வு. கெரி டான்னெல்லி, எலிசபெத் பார்க்ஸ் குழுவினர், ஈரல் திசுப் பரிசோதனைக்குக் காத்திருந்த 9 நோயாளிகளுக்கு அதற்கு முந்தைய நாட்களில் அடையாளத்துக்காகக் கதிரியக்கமற்ற ஐசோடோப்புகளை உணவு வழியாகவும் சிரை வழியாகவும் செலுத்தினர். பின்னர் எடுத்த திசுவில் ஒவ்வொரு மூலத்தின் பங்கையும் பிரித்தனர். ரத்தத்தின் கட்டுறாக் கொழுப்பு அமிலத்திலிருந்து 59 சதவீதம், மாவுச்சத்தைக் கொண்டு ஈரலே புதிதாக உருவாக்கியது 26 சதவீதம், உணவுக் கொழுப்பிலிருந்து நேராக வந்தது 15 சதவீதம். எண்ணெயைக் குறைத்தால் போதும் என்று நம்பும் நமக்கு இந்த விகிதம் ஒரு பாடம். சோறும் சர்க்கரையும் இனிப்புப் பானமும் கொழுப்பாக மாறி அதே ஈரலில் தங்குகின்றன.

மக்கள்தொகை ஆய்வுகள் அடுத்த அடுக்கைத் திறந்தன. டாலஸ் நகரில் 2004இல் வெளியான ஆய்வு, 2,287 பேரின் ஈரலைக் காந்த அதிர்வு நிறமாலை கொண்டு அளந்து, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கொழுப்பு மிகுந்திருப்பதைக் காட்டியது. அதே நகரத்து மக்களிடம் ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் குழுவினர் 2008இல் பிஎன்பிஎல்ஏ3 மரபணுவின் ஒரு மாற்றத்தைக் கண்டனர். அம்மாற்றம் உடையோரிடம், பருமன் எப்படியிருந்தாலும், ஈரல் கொழுப்பு அதிகம்.

நம்மவருக்கு நேரடியாகப் பொருந்தும் சான்றுகள் இரண்டு. 2006இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஜெரால்ட் ஷூல்மன் குழு, ஒல்லியான, நலமுள்ள இளைஞர்களை ஒப்பிட்டபோது, இந்திய வம்சாவளி ஆண்களின் ஈரலில் வெள்ளையினத்தவரைவிட ஏறத்தாழ இரு மடங்கு கொழுப்பு இருந்தது. 2009இல் சென்னையில் வி. மோகன் குழு 541 பேரை ஸ்கேன் செய்து 32 சதவீதத்தினருக்கு இந்நோய் இருப்பதையும், நீரிழிவு உள்ளோரிடம் அது 54.5 சதவீதம் என்பதையும் பதிவு செய்தது. மெலிந்த உடல் நமக்குக் காப்பாகாது.

6. கேள்வியிலிருந்து சிகிச்சைக்கு

எடைக் குறைப்பின் பயனைத் துல்லியமாகக் காட்டியது கியூபா. ஹவானாவில் 293 நோயாளிகளை ஓராண்டு பின்தொடர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதத்தினருக்கு ஈரல் அழற்சி நோய் நீங்கியது. 45 சதவீதத்தினருக்குத் தழும்பும் குறைந்தது. ஆனால் அந்த அளவை எட்டியவர்கள் சிலரே.

மார்ச் 2024இல் அமெரிக்கா அனுமதித்த ரெஸ்மெட்டிரோம், ஈரலின் தைராய்டு ஏற்பியைத் தூண்டி அங்கேயே கொழுப்பை எரிக்கச் செய்கிறது. 966 பேரிடம் நடந்த சோதனையில், 100 மில்லிகிராம் பெற்றவர்களில் 29.9 சதவீதத்தினருக்குத் தழும்பு மோசமாகாமல் அழற்சி நோய் நீங்கியது. வெற்று மாத்திரை பெற்றோரில் அது 9.7 சதவீதம். ஆகஸ்ட் 2025இல் அனுமதி பெற்ற செமாகுளூடைடு பசியையும் எடையையும் குறைத்து, கொழுப்பின் வரவைக் குறைக்கிறது. முன்னது செலவைக் கூட்டுகிறது, பின்னது வரவைக் குறைக்கிறது. எங்கிருந்து வந்தது, ஏன் வெளியேறவில்லை என்ற இரட்டைக் கேள்வியின் இரு பக்கங்களும் மருந்தாக வந்துவிட்டன.

முடிவுரை

இந்த வரலாறு மருத்துவருக்கும் நோயாளிக்கும் சொல்வது ஒன்றே. ஸ்கேன் அறிக்கையில் "ஃபேட்டி லிவர், கிரேடு 1" என்று வந்தால், பலருக்கும் இருப்பதுதானே என்று மடித்து வைத்துவிடுகிறோம். அந்த வரி ஈரலைப் பற்றியது மட்டுமன்று; கொழுப்புத் திசு இன்சுலினுக்குச் செவிசாய்க்கிறதா, தட்டில் உள்ள மாவுச்சத்து எவ்வளவு, பரம்பரையில் என்ன இருக்கிறது என்று விசாரிக்கச் சொல்லும் அழைப்பு. 2021இல் இந்திய அரசு தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் இந்நோயைச் சேர்த்தது சரியான அடி. அது பயன் தர வேண்டுமானால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்க்க வருபவரின் ஈரலையும் விசாரிக்கும் வழக்கம் வர வேண்டும். பழி சுமத்தாமல், குடித்தாயா என்பதோடு நில்லாமல், கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கும் மருத்துவமே இவ்வளவு ஆய்வுக்கும் உரிய கைம்மாறு.