களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு லினக்ஸ், இந்தப் பக்கம் ஒரு லினக்ஸ்

நாகர்கோவிலில் இருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாக மேற்கே போனால் களியக்காவிளை. அங்கே ஒரு சோதனைச்சாவடி. அதைத் தாண்டினால் கேரளத்தின் பாறசாலை. 1956 நவம்பர் 1 வரை இரண்டு பக்கமும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்தான். அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டுக்கு வந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. மொழி, சாப்பாடு, கல்யாண உறவு எல்லாம் இன்றும் எல்லை தாண்டிக் கலந்தே கிடக்கின்றன.

ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வேறு வேறு பாதையில் போனார்கள். அதுதான் லினக்ஸ். அந்தப் பக்கம் பத்தாம் வகுப்பு மாணவன் லினக்ஸில் பரிட்சை எழுதினான். இந்தப் பக்கம் பிளஸ் டூ மாணவனுக்கு லினக்ஸ் போட்ட மடிக்கணினியே இலவசமாகக் கிடைத்தது. ஆனாலும் லினக்ஸ் பழகியது யார் என்று கேட்டால் பதில் அந்தப் பக்கம்தான். இது ஏன் இப்படி ஆனது? "புதியவர்களுக்கு எந்த லினக்ஸ் நல்லது?" என்று இன்றும் கேட்கப்படும் கேள்விக்கு இந்தக் கதையில் ஒரு பதில் இருக்கிறது.

முதலில், வழங்கல் என்றால் என்ன?

1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் என்பது இயங்குதளத்தின் கரு மட்டுமே. அதைச் சுற்றித் தேவைப்பட்ட கருவிகளில் பலவற்றை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் அறிவித்த க்னூ திட்டம் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது. கருவையும் கருவிகளையும் தேடிச் சேர்த்து, ஒன்றோடொன்று பொருத்தி, குறுவட்டில் போட்டுக் கொடுப்பதைத்தான் வழங்கல் என்கிறோம். 1993-ல் ஸ்லாக்வேரும் டெபியனும் வந்தன. பிறகு ரெட்ஹாட், 1998-ல் மாண்ட்ரேக், 2004 அக்டோபரில் உபுண்டு, 2006-ல் லினக்ஸ் மின்ட் என்று வரிசை நீண்டுகொண்டே போனது.

பத்துக் கடையில் வாங்கும் மளிகைச் சாமானை ஒரே பையில் கட்டிக் கொடுப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் அரிசியும் பருப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். பையைக் கட்டும் முறையும், இன்னொரு சாமான் வேண்டுமென்றால் எப்படி வாங்குவது என்பதும்தான் வித்தியாசம்.

மென்பொருள் நிறுவுவது ஒரு காலத்தில் தவம்!

புதியவர்களை விரட்டியடித்தது இந்த இரண்டாவது விஷயம்தான். ஆரம்ப நாட்களில் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் அதன் மூலநிரலை இறக்கி, விரித்து, கட்டளை கொடுத்துத் தொகுக்க வேண்டும். நடுவில் "அந்த நிரலகம் இல்லை" என்று நின்றுவிடும். அதைத் தேடிப் போட்டால் அதற்கு இன்னொன்று வேண்டும். சாம்பார் வைக்கப் பருப்பு வேக வேண்டும், பருப்பு வேகக் குக்கர் வேண்டும், குக்கருக்கு வாஷர் வேண்டும், வாஷர் வாங்கக் கடை திறந்திருக்க வேண்டும் என்பது போல! ஒரு மென்பொருள் இன்னொன்றை நம்பி நிற்பதைச் சார்பு என்பார்கள். அந்நாளைய லினக்ஸ் பயனர்களுக்கு அது கெட்ட வார்த்தை.

ரெட்ஹாட்டின் ஆர்.பி.எம். பொதிகள் 1995 வாக்கில் வந்தபோது தொகுக்கும் வேலை போனது. சார்புகளைத் தேடும் வேலை போகவில்லை. அதைத் தீர்த்தது டெபியனின் ஆப்ட். 1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1-இல் அது இடம்பெற்றது. 'ஆப்ட்-கெட் இன்ஸ்டால்' என்று எழுதி மென்பொருளின் பெயரைச் சொன்னால் போதும். அதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் களஞ்சியத்திலிருந்து அதுவே எடுத்து வந்து சரியான வரிசையில் நிறுவிவிடும். பின்னாளில் இதற்கே சினாப்டிக் என்ற சன்னல் முகப்பு வந்தது. 2009 அக்டோபரில் வந்த உபுண்டு 9.10-இல் 'மென்பொருள் மையம்' சேர்ந்தது. தேடு, சொடுக்கு, முடிந்தது. கைப்பேசியில் இன்று எல்லோரும் செய்வதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். ஆப்ட் வேலை செய்ய இணையம் வேண்டும். தொலைபேசி மோடம் காலத்தில் நல்ல நாளில் விநாடிக்கு 5 கிலோபைட் கிடைத்தால் அதிர்ஷ்டம். 700 மெகாபைட் குறுவட்டு ஒன்றை இறக்க அந்தக் கணக்கில் ஏறக்குறைய 40 மணி நேரம்! 2005-ல் பி.எஸ்.என்.எல். அகலப்பட்டை வந்தது. 256 கிலோபிட் வேகத்தில் அதே குறுவட்டு ஆறு மணி நேரத்துச் சமாசாரம் ஆனது. சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்றிருந்ததால், ஓர் இரவுக்கு ஒரு குறுவட்டு என்று கணக்கு நேர்த்தியாகப் பொருந்தியது.

அந்த வசதியும் இல்லாதவர்களுக்குத் தபால்காரர் இருந்தார். உபுண்டு நிறுவனம் கேட்டவர்களுக்கெல்லாம் குறுவட்டை இலவசமாகவே அஞ்சலில் அனுப்பியது. 2011-ல் அதை நிறுத்திவிட்டது. 'லினக்ஸ் ஃபார் யூ' போன்ற இதழ்களோடும் வட்டு வந்தது. சின்ன ஊர்களில் லினக்ஸ் பரவியது பெரும்பாலும் இப்படிக் கைமாறிய வட்டுகளால்தான்.

அந்தப் பக்கம்: தேர்வே லினக்ஸில்

2001 ஜூலையில் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். நாகர்கோவிலில் இருந்து 65 கிலோமீட்டர் சுமாருக்குள் நடந்த விஷயம் இது. அதே ஆண்டில்தான் கேரள அரசு ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தையும் ஆரம்பித்தது.

தொடக்கத்தில் அங்கேயும் பாடம் விண்டோஸைச் சுற்றித்தான் இருந்தது. அரசுப் பள்ளிப் பாடம் ஒரே நிறுவனத்தின் சரக்குக்கு விளம்பரமாகக் கூடாது என்று ஆசிரியர் அமைப்புகள் எதிர்த்தன. படிப்படியாக லினக்ஸ் உள்ளே வந்தது. 2008-ல் பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பத் தேர்வு முழுக்க முழுக்க லினக்ஸிலேயே நடந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது அவர்கள் வழங்கலைத் தேர்ந்தெடுத்த விதம். சந்தையில் இருந்த ஒன்றை அப்படியே எடுத்து நீட்டவில்லை. முதலில் டெபியனை, பிறகு உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு பள்ளிக்கென்றே ஒன்றைக் கட்டினார்கள். வடிவியலுக்கு ஜியோஜீப்ரா, படம் வரைய கிம்ப், எழுத அலுவலகத் தொகுப்பு, மலையாளத் தட்டச்சு, எழுத்துருக்கள் எல்லாம் முன்கூட்டியே நிறுவப்பட்டு ஒரே வட்டில் வந்தன. ஆகவே பள்ளியில் இணையம் இல்லாவிட்டாலும் பாடம் நிற்காது. மாணவன் மென்பொருள் நிறுவத் தெரிந்துகொள்வதற்கு முன்பே மென்பொருள் அங்கே காத்திருக்கும்.

கூடவே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடப்புத்தகத்தை அதற்கேற்ப எழுதினார்கள். அந்தத் திட்டம் 2017-ல் 'கைட்' என்ற நிறுவனமாக மாறியது. வழங்கல் இன்றும் புதுப் பதிப்புகளோடு தொடர்கிறது.

இந்தப் பக்கம்: வந்தது, ஆனால் தங்கவில்லை

தமிழ்நாடு தூங்கிக்கொண்டிருந்தது என்று யாராவது நினைத்தால் அது தவறு. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே தமிழ் ஆர்வலர்கள் கே.டி.ஈ., க்னோம் முகப்புகளைச் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து தமிழாக்கினார்கள். பாஸ் லினக்ஸ் பிறந்ததே சென்னையில்தான். மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு, டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இதன் முதல் பதிப்பு 2007 ஜனவரியில் வெளிவந்தது. தமிழ் உட்பட இந்திய மொழிகள் உள்ளேயே இருந்தன. எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அரசுக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்ற முனைந்தார்.

பாடத்திட்டத்திலும் கட்டற்ற மென்பொருளின் வாசனை இருந்தது. பிளஸ் டூ கணினி அறிவியலில் பல ஆண்டுகள் ஸ்டார் ஆபீஸ்தான் பாடம். அதன் மூலநிரலில் இருந்து பிறந்ததுதான் ஓப்பன் ஆபீஸ். அதிலிருந்து 2010-ல் பிரிந்தது லிப்ரே ஆபீஸ்.

பிறகு வந்தது பெரிய வாய்ப்பு. 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டுக்கு மட்டும் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. உலகத்தில் வேறெங்கும் இத்தனை மாணவர்கள் கையில் ஒரே நேரத்தில் லினக்ஸைக் கொண்டு போய்ச் சேர்த்த திட்டங்கள் மிகக் குறைவு.

என்ன நடந்தது? கணினியை இயக்கியதும் இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும். பெரும்பாலானோர் விண்டோஸைத் தேர்ந்தார்கள். லினக்ஸ் என்ன என்று சொல்ல வகுப்பில் பாடமில்லை. அதில் எழுதத் தேர்வில்லை. பழுது பார்க்கும் கடைக்காரருக்கும் விண்டோஸ்தான் தெரியும். ஆகவே லினக்ஸ் இருந்த இடத்தை அழித்துச் சினிமாப் படம் வைக்க இடம் பண்ணிக்கொண்டவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. பாஸ் மோசமான வழங்கல் என்பதால் இப்படி ஆகவில்லை. அதன் அடித்தளமும் கேரளப் பள்ளி வழங்கலின் அடித்தளமும் ஒரே டெபியன் குடும்பம்தான். அதே ஆப்ட், அதே சினாப்டிக்!

வணிகவியல் கணக்கு

பொருளாதாரத்தில் மாற்றுச் செலவு என்று ஒன்று உண்டு. ஒரு பொருளை விட்டு இன்னொன்றுக்குப் போக ஆகும் செலவு. லினக்ஸின் விலை பூஜ்யம். ஆனால் மாறும் செலவு பூஜ்யம் இல்லை. புதிதாகப் பழகும் நேரம், தெரியாததைக் கேட்க ஆள், பழைய கோப்புகள், வேலை கொடுப்பவர் எதிர்பார்க்கும் மென்பொருள் எல்லாம் அதில் சேரும். கேரளத்தில் அந்தச் செலவை அரசு பயிற்சியாகவும் பாடமாகவும் ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் கணினியின் விலையை அரசு கொடுத்தது. மாற்றுச் செலவு மாணவன் தலையில் விழுந்தது. அவன் அதைக் கட்ட மறுத்ததில் வியப்பில்லை.

இதற்கு நல்ல உதாரணம் டேலி. 2019-ல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடம் டேலி. அதுவோ விண்டோஸுக்காக எழுதப்பட்ட மென்பொருள். ஒரு கையால் பாஸ் லினக்ஸைக் கொடுத்துவிட்டு மறு கையால் டேலி பாடத்தைக் கொடுத்தால் காமர்ஸ் மாணவன் எதை வைத்துக்கொள்வான்? நாகர்கோவில் ஆடிட்டர் அலுவலகத்திலும் மார்த்தாண்டம் மொத்த வியாபாரக் கடையிலும் வேலைக்குக் கேட்பது "டேலி தெரியுமா?" என்றுதான். லினக்ஸிலும் க்னூகேஷ் உண்டு. இந்தியாவிலேயே எழுதப்பட்ட க்னூகாத்தா உண்டு. இரட்டைப் பதிவு முறை எதில் படித்தாலும் ஒன்றுதான். ஆனால் பற்று வரவை விட்டுவிட்டு மென்பொருளின் பெயரைப் பாடமாக்கினால் மாணவன் அந்த மென்பொருளுக்குத்தான் கட்டுப்படுவான்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

எந்த வழங்கல் அழகு என்பதைவிட மூன்று கேள்விகள் முக்கியம் என்று இந்த வரலாறு காட்டுகிறது.

ஒன்று, சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கிறாரா? பக்கத்து வீட்டு அண்ணன் உபுண்டு வைத்திருந்தால் உபுண்டுதான் அந்த வீட்டுக்கு நல்ல வழங்கல். யாருமே இல்லையென்றால், அதிகம் பேர் பயன்படுத்தும் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் பாதுகாப்பான தேர்வு.

இரண்டு, வேண்டியது களஞ்சியத்தில் இருக்கிறதா? டெபியன், உபுண்டு, மின்ட், பாஸ் எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் ஒன்றில் பழகிய ஆப்ட் மற்றதிலும் கைகொடுக்கும். கண்ட இணையத்தளத்தில் கோப்பை இறக்கி நிறுவும் விண்டோஸ் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். களஞ்சியத்தில் இருந்து எடுத்தால் சார்புச் சிக்கலும் இல்லை, மேம்பாடுகளும் தானாக வரும்.

மூன்று, கட்டாயமாக வேண்டிய மென்பொருள் அதில் ஓடுமா? டேலி இல்லாமல் முடியாது என்றால் விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸை நிறுவலாம். அதற்கும் முன்னால், வன்தட்டைத் தொடாமல் பென் டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம். 2000-களில் நாப்பிக்ஸ் குறுவட்டு பிரபலமாக்கிய வழி இது; இன்றும் பயம் போக இதைவிட நல்ல வழி இல்லை.

2025-26 தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று மறுபடியும் அறிவிப்பு வந்தது. கருவியின் வேகமும் நினைவகமும் 2011-ஐவிட நிச்சயம் கூடியிருக்கும். ஆனால் அதை வாங்கும் மாணவனுக்கு லினக்ஸில் ஒரு பாடம், ஒரு பயிற்சி, கேட்டால் சொல்ல ஓர் ஆசிரியர் என்று யாராவது ஏற்பாடு செய்தால்தான் அது தங்கும். இல்லாவிட்டால் இந்த முறையும் லினக்ஸ் இருக்கும் இடத்தை அழித்துப் படம்தான் ஏற்றுவார்கள்.